பொருள் கேட்ட பேரரசும் உழைப்பு கேட்ட பேரரசும்

1454ஆம் ஆண்டு மெக்சிகோ பள்ளத்தாக்கில் பஞ்சம் உச்சத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளாகவே உறைபனியும் வறட்சியும் மாறி மாறி மக்காச்சோளப் பயிரை அழித்திருந்தன. டெனோச்டிட்லான் நகரின் மன்னர் முதலாம் மொக்டெசுமா அரண்மனைக் களஞ்சியங்களைத் திறந்துவிட்டார். அவை காலியானதும், இனிக் கொடுக்க ஒன்றுமில்லை, பிழைக்க வழியுள்ள இடம் பார்த்துப் போங்கள் என்று மக்களை அனுப்பிவிட்டார். மழை பொய்க்காத வளைகுடாக் கரையில் வாழ்ந்த தொடோனாக் மக்களிடம் தானியம் இருந்தது. அதற்காகப் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். பலர் தங்களையே விற்றுக்கொண்டு அடிமைகளாகக் கடற்கரையை நோக்கி நடந்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, ஆண்டிஸ் மலையில் பச்சகூத்தி என்ற இன்கா மன்னர் குஸ்கோ நகரை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகக் கல் களஞ்சியங்களை எழுப்பினார்கள். இந்த இரு நாடுகளில் ஒன்று இருப்பதே மற்றதற்குத் தெரியாது.

இந்த இரு பேரரசுகளையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் நரபலியில் தொடங்கித் தங்கத்தில் முடிப்பார்கள். ஒன்று இரத்தவெறி பிடித்த அரசு, மற்றது ஏழைக்குச் சோறு போட்ட அரசு என்ற இரு சித்திரங்கள் நம் பாடநூல்கள் வரை வந்து நிற்கின்றன. இரண்டுமே தவறு. குடிகளிடமிருந்து அரசு எதை வாங்கியது என்ற கேள்வியிலிருந்து ஒப்பீட்டைத் தொடங்கினால்தான் ஆட்சியும் சமயமும் சமூகமும் தம் இடத்தில் வந்து அமரும். நாம் அஸ்டெக் என்று அழைக்கும் மெஷிக்கா மக்களின் அரசு பொருளைக் கேட்டது. இன்கா அரசு உழைப்பைக் கேட்டது. மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளைத்தவை.

வயதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. மெஷிக்கா மக்கள் 1325இல் டெஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் டெனோச்டிட்லானை நிறுவியதாக மரபு சொல்கிறது. நூறு ஆண்டுகள் அவர்கள் பிறருக்குக் கப்பம் கட்டினார்கள். 1428இல் டெஸ்கோகோ, ட்லாகோபான் நகரங்களோடு கூட்டுச் சேர்ந்து அஸ்காபொட்சால்கோ நகரின் ஆதிக்கத்தை முறித்தபோதுதான் பேரரசு பிறந்தது. இன்காக்களின் எழுச்சிக்கு வரலாற்று நூல்கள் தரும் ஆண்டு 1438. சாங்கா மக்களின் படையெடுப்பை முறியடித்துப் பச்சகூத்தி அரியணை ஏறிய ஆண்டு அது. கதிரியக்கக் கரிமக் கணிப்புகள் விரிவாக்கம் அதற்குச் சற்று முன்னரே தொடங்கியதைக் காட்டுகின்றன. எப்படிப் பார்த்தாலும் ஸ்பானியர் வந்து இறங்கியபோது இரண்டுமே நூறு வயதை ஒட்டிய இளம் பேரரசுகள்தாம். பரப்பில்தான் ஒப்பில்லை. இன்கா நாடு இன்றைய கொலம்பியாவின் தென்னெல்லையிலிருந்து நடு சிலி வரை ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நீண்டு கிடந்தது.

இவற்றைப் பற்றி நாம் அறிந்த வழிகளும் ஒத்தவை அல்ல. மெஷிக்கா பக்கம் ஓவியச் சுவடிகள் உண்டு. பெர்னார்டினோ டி சாகுன் என்ற துறவி உள்ளூர் மாணவர்களையும் முதியவர்களையும் வைத்து நாவாட்டில் மொழியிலேயே தொகுத்த பன்னிரண்டு பாக நூல் உண்டு. இன்காக்களுக்கு எழுத்து இல்லை. முடிச்சிட்ட கயிறுகளான கிப்புகளே அவர்களின் ஆவணங்கள். அவற்றின் எண்களைப் படிக்கலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லேலண்ட் லாக் நிறுவினார். கதையும் வரலாறும் அவற்றில் இருந்திருந்தால் அது இன்னும் படிக்கப்படவில்லை. இன்கா அரச குலத்துத் தாய்க்குப் பிறந்த கார்சிலாசோ டி லா வேகா 1609இல் வெளியிட்ட நூல் தாய்வழி முன்னோரின் ஆட்சியைப் பொற்காலமாகவே காட்டியது. இரு பக்கத்திலும் பேசுபவர்கள் பெரும்பாலும் தலைநகரத்து மேட்டுக்குடியினரே. கப்பம் சுமந்தவனின் குரலை நாம் இடுக்குகளில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

டெனோச்டிட்லானை ஒட்டியிருந்த ட்லாட்டெலோல்கோ சந்தையிலிருந்து தொடங்கலாம். அங்கே நாள்தோறும் 60,000 பேர் வாங்கவும் விற்கவும் கூடினார்கள் என்று ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்ட்டெஸ் தன் மன்னருக்கு எழுதினார். அவர் தன் வெற்றியைப் பெரிதாக்கிக் காட்ட விரும்பியவர் என்பதால் எண்ணைப் பாதியாக்கினாலும் அது பெரும் சந்தைதான். ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தெரு. அளவைகளைச் சோதிக்க ஆட்கள், வழக்குகளை அங்கேயே தீர்க்க நீதிபதிகள். சில்லறைக் காசாகக் கொக்கோ விதையும், பெரிய தொகைக்குப் பருத்தித் துணியும் புழங்கின. ஸ்பானியர் வந்து ஒரு தலைமுறைக்குப் பிறகும் இந்த வழக்கம் நீடித்தது. 1545இல் ட்லாஸ்காலாவில் எழுதப்பட்ட விலைப்பட்டியலில் ஒரு பெண் வான்கோழிக்கு 100 கொக்கோ விதை, ஒரு பெரிய தக்காளிக்கு ஒரு விதை என்று இருக்கிறது. கொக்கோ தோலுக்குள் வேறெதையாவது அடைத்து விற்ற ஏமாற்றுக்காரர்களைச் சாகுனின் நூல் வர்ணிக்கிறது. பணம் என்று ஒன்று உண்மையாகவே புழங்கிய இடத்தில்தான் கள்ளப் பணம் தோன்றும்.

தொலைதூர வணிகம் போச்டெகா என்ற வணிகர் கூட்டத்தின் கையில் இருந்தது. அவர்களுக்குத் தனித் தெய்வம், தனி நீதிமன்றம். சேர்த்த செல்வம் பிறர் கண்ணில் படாதிருக்க இரவில் ஊர் திரும்புவார்கள். மன்னருக்கு ஒற்றர்களாகவும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வழியில் கொல்லப்பட்டால் படையெடுப்புக்கு அதுவே காரணமாகும்.

பேரரசின் வருவாயோ கப்பம். 1540களை ஒட்டி வரையப்பட்ட மென்டோசா சுவடி, மாகாணம் மாகாணமாக எந்த ஊர் எவ்வளவு கட்டியது என்று படம் போட்டுக் காட்டுகிறது. பருத்திப் போர்வை, வீரர் உடை, கொக்கோ மூட்டை, பறவை இறகு, சிறுத்தைத் தோல், கோச்சினீல் சாயம் என்று பட்டியல் நீளும். மக்காச்சோளமும் அவரையும் பெரும்பாலும் பள்ளத்தாக்குக்கு அருகிலிருந்த மாகாணங்களிலிருந்தே வந்தன. காரணம் எளியது. அன்றைய மெசோஅமெரிக்காவில் பொதி சுமக்கும் விலங்கு இருக்கவில்லை. எல்லாச் சுமையும் மனித முதுகில்தான் போனது. பல நாள் நடக்கும் சுமைதூக்கி, தான் சுமக்கும் தானியத்தையே தின்று தீர்த்துவிடுவான். ஆகவே தூர மாகாணத்திலிருந்து எடை குறைந்த, விலை மிகுந்த பொருளைத்தான் கேட்க முடியும். நகரத்தின் வயிற்றை நிரப்பியவை ஏரியிலேயே சேறு குவித்து உருவாக்கிய சினாம்பா வயல்களும் அண்டை ஊர்களும் சந்தையும். பெருவறட்சி வந்தபோது இவை மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. 1454இன் கொடுமைக்கு மன்னரின் மனப்போக்கைவிட இதுவே பெரிய காரணம்.

ஆண்டிஸில் கதை வேறு. அங்கே அடிப்படை அலகு ஐயூ என்ற உறவுக் குழு. நிலம் குழுவுடையது. ஒருவர் வயலில் மற்றவர் உழைத்து உதவிக்கொள்வது கடமை. இந்தப் பழைய வழக்கத்தை அரசு தன் பக்கம் திருப்பிக்கொண்டது. வெற்றிகொண்ட நாட்டில் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றைச் சூரியனுக்கும் ஒன்றைத் தனக்கும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குடிகளிடம் விட்டது. குடியானவன் தன் வயலின் விளைச்சலிலிருந்து அரசுக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. சூரியனின் வயலிலும் மன்னரின் வயலிலும் உழைக்க வேண்டும். அதுபோக மித்தா என்ற முறை வேலை. சாலை, பாலம், சுரங்கம், கோட்டை, போர் எல்லாம் இதில் அடங்கும். அரசு கம்பளி கொடுத்தால் வீட்டுப் பெண்கள் துணி நெய்து தர வேண்டும். பதிலுக்கு வேலைக் காலத்தில் உணவும் சீச்சா மதுவும் அரசின் செலவு. விருந்து வைக்காத மன்னர் வேலை வாங்க முடியாது என்பது எழுதப்படாத சட்டம்.

இந்த உழைப்பின் விளைச்சல்தான் களஞ்சியங்களை நிரப்பியது. வானுகோ பாம்பா என்ற ஒரே நிர்வாக நகரத்தின் மலைச்சரிவில் ஏறத்தாழ 500 களஞ்சியங்களின் அடித்தளங்கள் இன்றும் தெரிகின்றன. காற்று புகும் வழிகளோடு, குளிர்ந்த சரிவில், மக்காச்சோளத்துக்கு வட்டக் கட்டடமும் கிழங்குக்குச் செவ்வகக் கட்டடமுமாக அமைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, பகல் வெயிலில் காயவைத்து, மிதித்து நீரைப் பிழிந்தால் சூன்யோ கிடைக்கும். அது பல ஆண்டுகள் கெடாது. கோச்சபாம்பா பள்ளத்தாக்கில் வாய்னா காபாக் மன்னர் பழைய குடிகளை அப்புறப்படுத்தி, பல இனங்களிலிருந்து 14,000 உழைப்பாளிகளை வரவழைத்துப் படைக்காக மக்காச்சோளம் பயிரிடச் செய்தார். அங்கே கோட்டபாச்சியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் இருந்தன.

பின் சந்தை எங்கே? பெரும்பகுதியில் அது தேவைப்படவில்லை. மானுடவியலாளர் ஜான் முர்ரா இதை அழகாக விளக்கினார். ஆண்டிஸில் ஒரு நாள் நடைக்குள் தட்பவெப்பம் பலமுறை மாறும். மேலே லாமா மேய்ச்சல், சற்றுக் கீழே கிழங்கு, அதற்குக் கீழே மக்காச்சோளம், அடிவாரக் காட்டில் கோகா இலை. ஒவ்வொரு சமூகமும் தன் ஆட்களையே எல்லா உயரங்களிலும் குடியமர்த்தி, விளைந்ததைத் தமக்குள் பகிர்ந்துகொண்டது. விற்று வாங்க வேண்டியது உறவுக்குள்ளேயே கிடைத்தது. முற்றிலும் வணிகம் இல்லை என்று சொல்வதும் சரியாகாது. சிஞ்சா கடற்கரையில் வணிகர்கள் இருந்தார்கள். இன்றைய எக்வடோர் பகுதியில் சிவந்த ஸ்பாண்டிலஸ் சிப்பி விற்ற வணிகர்கள் இருந்தார்கள். இன்கா அரசு அவர்களை விட்டுவைத்தது, வளர்க்கவில்லை.

பிரெஞ்சுப் பொருளியலாளர் லூயி போதன் 1928இல் இந்த ஏற்பாட்டைச் சோஷலிசப் பேரரசு என்றே பெயரிட்டு நூல் எழுதினார். கவர்ச்சியான பெயர். ஆனால் களஞ்சியங்கள் நின்ற இடங்கள் அதை மறுக்கின்றன. அவை பெரும்பாலும் அரச சாலையை ஒட்டி, நிர்வாக நகரங்களின் அருகில், படை செல்லும் வழியில் நிற்கின்றன. முதல் பங்கு படைக்கும் அதிகாரிக்கும் முறை வேலையாளுக்கும்தான். பஞ்சத்தில் அவை குடிகளுக்கும் திறந்திருக்கலாம். ஆயினும் அன்றாட வாழ்வில் முதியவரையும் விதவையையும் தாங்கியது ஐயூ. அந்தப் புண்ணியம் இன்காக்களுக்கு முந்தையது.

பொருளைக் கேட்கும் அரசுக்கு ஊரை நேரடியாக ஆள வேண்டிய அவசியமில்லை. குறித்த நாளில் குறித்த மூட்டை வந்தால் போதும். மெஷிக்கா அரசு தோற்ற ஊர்களில் பெரும்பாலும் உள்ளூர் மன்னரையே விட்டுவைத்தது. தண்டல் அதிகாரி ஒருவரை அனுப்பியது. சில எல்லைகளில் மட்டும் காவல் படை வைத்தது. செலவு குறைவு, ஆனால் பிடியும் தளர்வு. 1519இல் கியாவிஸ்ட்லான் ஊருக்கு வந்த இரண்டாம் மொக்டெசுமாவின் ஐந்து தண்டல்காரர்களைக் கட்டிப்போடும்படி கோர்ட்டெஸ் தொடோனாக் தலைவர்களைத் தூண்டினார். அவர்கள் கட்டினார்கள். பேரரசின் மாகாணம் ஒன்று எதிரியின் கைக்குப் போக அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

உழைப்பைக் கேட்கும் அரசோ தலைகளை எண்ண வேண்டும். யார் எங்கே இருக்கிறார், எந்த வயது, எந்த வேலைக்கு ஆவார் என்பதெல்லாம் தெரிய வேண்டும். இன்காக்கள் குடும்பத் தலைவர்களைப் பத்து, ஐம்பது, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என அடுக்கி ஒவ்வொரு அடுக்குக்கும் தலைவரை வைத்தார்கள். கணக்கைக் கிப்புக்காரர்கள் கயிற்றில் முடிந்தார்கள். முப்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட சாலை வலையில் அஞ்சல் ஓட்டக்காரர்கள் மாறி மாறி ஓடினார்கள். கலகம் செய்யக்கூடிய மக்களை மித்மா என்ற பெயரில் தூர மாகாணங்களுக்குப் பெயர்த்து நட்டார்கள். ஒவ்வொரு மாகாணத்தாரும் தத்தம் தலையணியோடும் உடையோடுமே இருக்க வேண்டும் என்ற விதி, யாரும் இடம் மாறி ஒளிய முடியாதபடி செய்தது. எண்ணப்படாத மனிதன் இருக்கக் கூடாது என்பதே இந்த ஆட்சியின் குறிக்கோள். பொருளாதாரத்தின் பெயரால் நாம் பாராட்டுவதும் ஆட்சியின் பெயரால் நாம் அஞ்சுவதும் இங்கே ஒரே ஏற்பாடுதான்.

அரியணை யாருக்கு என்ற கேள்வியில் மெஷிக்கா முறையே தேறியது. உயர்குடி அவை அரச குடும்பத்திலிருந்து தகுந்தவரைத் தேர்ந்தெடுத்தது. 1469 முதல் 1502 வரை அஷாயாகாட், டிசோக், அவிட்சோட் என்ற மூன்று சகோதரர்கள் அடுத்தடுத்து ஆண்டார்கள். இன்காக்களிடம் உறுதியான விதி இல்லை. அதோடு, இறந்த மன்னரின் நிலமும் மாளிகையும் அவருடைய பதப்படுத்திய உடலைப் பேணும் குலத்துக்கே போய்விடும். புதிய மன்னர் தனக்கென்று புதிதாகத் தேட வேண்டும். வாய்னா காபாக் 1520களின் பிற்பகுதியில் கொள்ளைநோயில் இறந்ததும் அவருடைய மகன்களான வாஸ்கருக்கும் அதாவால்பாவுக்கும் மூண்ட போர் நாட்டைப் பிளந்தது.

சமூக அடுக்குகள் இரண்டிலும் கடுமையானவை. மெஷிக்கா பிரபு பருத்தி உடுத்தலாம், பாமரன் கள்ளிநார் உடுத்த வேண்டும். ஆனால் பாமரனின் மகனும் பள்ளிக்குப் போனான். போரில் கைதிகளைப் பிடித்தவன் மேலேறினான். அடிமைத்தனம் பிள்ளைக்குத் தொடராது. பெண்கள் சந்தையில் கடை வைத்தார்கள். இன்கா நாட்டில் பள்ளி பிரபுக்களின் பிள்ளைகளுக்கு மட்டும். சிறுமிகளில் தேர்ந்தெடுத்தவர்களை அரசு எடுத்துப்போய் மதில் சூழ்ந்த அக்யா மனைகளில் வளர்த்தது. அவர்கள் நுண்துணி நெய்தார்கள், சீச்சா காய்ச்சினார்கள். மன்னர் விரும்பியவருக்கு அவர்களை மனைவியாக அளித்தார்.

சமயத்துக்கு வருவோம். டெனோச்டிட்லானின் பெருங்கோயில் உச்சியில் இரண்டு சன்னதிகள் அருகருகே நின்றன. ஒன்று போர்த் தெய்வம் விட்சிலோபொச்லிக்கு, மற்றது மழைத் தெய்வம் ட்லாலோக்குக்கு. கப்பமும் விளைச்சலும் என்ற அந்த நகரின் இரு வாழ்வாதாரங்களும் அங்கே கல்லாகி நின்றன என்று சொல்லலாம். தெய்வங்கள் தம் இரத்தத்தைக் கொடுத்து உலகை இயக்கின, மனிதர் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது நம்பிக்கை. 1487இல் கோயில் விரிவாக்க விழாவில் 80,400 பேர் பலியானதாக ஒரு பழைய குறிப்பு சொல்வதை இன்று வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை. அதற்காக எல்லாமே ஸ்பானியரின் கட்டுக்கதை என்று தள்ளவும் வழியில்லை. மெக்சிகோ நகரின் மையத்தில் 2015 முதல் தோண்டியெடுத்த மண்டையோட்டுக் கோபுரத்தில் 2020க்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட மண்டையோடுகள் கணக்கில் வந்தன. பெண்களுடையதும் குழந்தைகளுடையதும் அவற்றில் உண்டு.

இன்காக்கள் மென்மையானவர்கள் என்ற எண்ணத்தை 1999இல் யுயாய்யாகோ எரிமலை உடைத்தது. 6,700 மீட்டர் உயரத்தில் உறைந்த மூன்று குழந்தைகளின் உடல்கள் கிடைத்தன. மூத்தவளுக்கு வயது பதின்மூன்று இருக்கலாம். இறப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பிருந்து அவளுடைய உணவு செழிப்பானதையும் கோகாவும் மதுவும் கூடிக்கொண்டே போனதையும் அவளது தலைமுடி காட்டிக்கொடுத்தது. காபகோச்சா என்ற இந்தப் பலிக்குப் பிள்ளைகள் மாகாணங்களிலிருந்து வந்தார்கள். ஓக்ரோஸ் ஊரில் தான்டா கார்வா என்ற சிறுமியைக் கொடுத்த தந்தைக்குத் தலைவர் பதவி கிடைத்ததாகப் பதினேழாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது. மெஷிக்கா அரசு பெரிதும் எதிரியைப் பலியிட்டது, இன்கா அரசு தன் குடியின் பிள்ளையைக் கேட்டு வாங்கியது. எண்ணிக்கையில் முன்னது பெரிது. ஆனால் பின்னதை நலம் நாடும் அரசின் சடங்கு என்று எந்த மொழியிலும் எழுத முடியாது.

தோற்றவர்களின் தெய்வங்களை இருவருமே தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். மெஷிக்கா அவற்றைக் கோயில் வளாகத்தில் அடைத்து வைத்தது. இன்கா அவற்றைப் பிணைக்கைதிகளாக வைத்துப் பூசைக்கும் ஏற்பாடு செய்தது. அத்தோடு ஒவ்வொரு மாகாணத்திலும் சூரியனுக்கு வயலும் பூசாரியும் வைத்ததால், வழிபாடும் முறை வேலையின் ஒரு பகுதியாயிற்று.

வீழ்ச்சியில் இரு கதைகளும் மீண்டும் நெருங்கிவருகின்றன. டெனோச்டிட்லானை முற்றுகையிட்ட படையில் ஸ்பானியர் சிறுபான்மை. ட்லாஸ்காலா முதலிய ஊர்களின் பல்லாயிரம் வீரர்களே பெரும்படை. 1520இல் பெரியம்மை நகரைத் தின்றது. புதிய மன்னர் குவிட்லாவாக்கையும் அதுவே கொண்டுபோனது. 1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் விழுந்தது. பெருவில் 1532 நவம்பர் 16 அன்று காகாமார்காவில் பிரான்சிஸ்கோ பிசாரோவின் 168 பேர் அதாவால்பாவைப் பிடித்தார்கள். ஓர் அறை நிறையத் தங்கம் பெற்றுக்கொண்ட பிறகும் அடுத்த ஆண்டு அவரைக் கொன்றார்கள். கன்யாரி, சாச்சாபோயா, வாங்கா மக்கள் ஸ்பானியரோடு சேர்ந்தார்கள். எண்ணி, பெயர்த்து, அடுக்கி வைத்த குடிகளும் இன்காக்களைக் காக்க வரவில்லை. இறுக்கமான ஆட்சி விசுவாசத்தைப் பெற்றுத் தரும் என்ற எண்ணத்துக்கு இது போதுமான மறுப்பு. வில்காபாம்பா காட்டரண் மட்டும் 1572 வரை தாக்குப்பிடித்தது.

களஞ்சியங்களோ அரசைவிட நீண்டு நின்றன. பிசாரோவின் படை ஹவுஹா பள்ளத்தாக்கின் இன்கா இருப்பை உண்டே நடந்தது. அங்கிருந்த வாங்கா தலைவர்கள், ஸ்பானியருக்கு எத்தனை ஆள், எவ்வளவு மக்காச்சோளம், எத்தனை லாமா கொடுத்தோம் என்று 1533 முதல் கிப்பில் முடிந்துவைத்தார்கள். சுமார் கால் நூற்றாண்டுக்குப் பிறகு லிமா நீதிமன்றத்தில் அந்தக் கயிறுகளைப் படித்துக் காட்டிக் கணக்குக் கேட்டார்கள்.

புதிய ஆட்சியாளர்கள் இரு நாட்டிலும் பழைய வரியைக் கூர்ந்து கவனித்து எடுத்துக்கொண்டார்கள். மெக்சிகோவில் ஊர் வாரியான கப்பப் பட்டியல் அவர்களுக்கு உதவியது. பெருவில் ராஜப்பிரதிநிதி பிரான்சிஸ்கோ டி டொலேடோ 1573இல் மித்தாவை உயிர்ப்பித்து, ஆண்டுக்கு 13,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பொடோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு அனுப்ப ஆணையிட்டார். விருந்தும் சீச்சாவும் போய்விட்டன, கட்டாய உழைப்பு மட்டும் மிஞ்சியது. அதை 1812இல் சட்டப்படி ஒழித்தது ஸ்பெயினின் காடிஸ் நாடாளுமன்றம்.